அந்த மஞ்சள் நிறம்

நண்பர்களே, வணக்கம். திரையில் நிறுத்தி வைத்திருக்கும் இந்தப் போர் விமானியின் படத்தில் முதலில் உங்கள் கண்ணில் பட்டது எது? அந்த மஞ்சள் அங்கிதானே!

இரண்டாம் உலகப்போர் என்றாலே நமக்குக் கருப்பு வெள்ளைதான். விமானியின் மார்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கும். அதுவும் சீருடையில் சேர்ந்ததுதான் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். வண்ணச் சுருளில் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது, அது உயிர்காப்பு அங்கி. கடலில் விழுந்தவனின் தலை அலைகளுக்கு நடுவே தெரியாது, மஞ்சள் தெரியும். 1940இல் பிரிட்டிஷ் விமானிகளுக்குக் கொடுத்த அங்கி காக்கி நிறம். பலர் தாங்களே மஞ்சள் பெயின்ட் வாங்கிப் பூசிக்கொண்டார்கள். 1941இல் வந்த மாதிரியில்தான் துணியே மஞ்சளாக வந்தது. தூரிகையைப் பிடித்து அதைப் பூசிய கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாளைக்கு நான் தண்ணீரில் கிடக்கலாம் என்று தெரிந்தே பூசிய கை அது.

இந்த நிறத்தை நமக்குக் காப்பாற்றித் தந்தது கோடாக்ரோம் என்ற வண்ணப் படச்சுருள். கோடாக் நிறுவனம் 1935இல் 16 மி.மீ. சுருளாகக் கொண்டுவந்தது. இருட்டில் பத்திரமாக வைத்தால் சாயம் அவ்வளவு எளிதில் மங்காது. ஆனால் வெளிச்சம் ஏகமாகக் கேட்கும். அதனால்தான் இந்தக் காட்சிகளில் எங்கு பார்த்தாலும் பளீரென்ற வெயில். இன்னொன்று, இதற்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடிய சுருளையே கழுவினால் அதுவே படம். அப்படியானால், காப்பகத்தில் இருக்கும் மூலச் சுருள் போர் விமானத்தோடு வானத்துக்குப் போய்த் திரும்பி வந்த அதே சுருள்! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்தச் சுருளில்தான் 1944இல் ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வைலரின் குழு கோர்சிகா தீவின் ஆல்ட்டோ தளத்தில் படம் பிடித்தது. அமெரிக்காவின் 57ஆவது போர் விமானப் பிரிவு அங்கிருந்து பி-47 தண்டர்போல்ட்களில் கிளம்பி, இத்தாலியில் ஜெர்மானியருக்குச் சரக்கு போகும் ரயில் பாதைகளையும் பாலங்களையும் தகர்த்தது. ஒருவர் மட்டுமே உட்காரும் விமானம். கேமராக்காரர் எங்கே ஏறுவது? அதனால் விமானியின் பின்னால், இறக்கைக்கு அடியில் என்று கேமராக்களை அங்கங்கே பொருத்திவிட்டார்கள்.

சரி, இப்போது கழுத்தைப் பாருங்கள். அந்தப் பட்டுத் துணியை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். போர் விமானி தலையை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரி சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டுதான் வருவான். முரட்டுக் காலர் உரசி உரசிக் கழுத்து புண்ணாகிவிடும். அதற்குத்தான் பட்டு. அப்புறம் ஆக்ஸிஜன் முகமூடி. 10,000 அடிக்கு மேல் போனால் மூளை மழுங்கும், மழுங்குவது அவனுக்கே தெரியாது. 30,000 அடியில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. ஆட்டுத்தோல் கோட்டும் பூட்ஸும் அதற்காகத்தான். 1943இல் பிரிட்டிஷ் விமானிகளுக்கு வந்த பூட்ஸுக்குள் சின்னக் கத்தி ஒன்று இருக்கும். எதிரி மண்ணில் இறங்க நேர்ந்தால் மேல்பாகத்தை அறுத்துப் போட்டுவிட்டு, சாதாரண ஷூ போட்டவன்போல நடந்துவிடலாம்.

இத்தனையையும் கழற்றி வைத்தால் உள்ளே இருப்பவன் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன். கருப்பு வெள்ளையில் இவர்கள் நம் தாத்தாக்களாகத் தெரிவார்கள். வண்ணத்தில் அப்படி இல்லை. வெயிலில் சிவந்த மூக்கோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையாக நிற்கிறார்கள்.

ஒருவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். மஹிந்தர் சிங் புஜ்ஜி. 1940இல் இங்கிலாந்து போய் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டிய சீக்கியர். தோல் தலைக்கவசம் போட மறுத்துத் தலைப்பாகையோடு பறந்தார். இயர்ஃபோனை அதன் மேலேயே கட்டிக்கொண்டார். சுட்டு வீழ்த்தப்பட்டால் தேவைப்படுமே என்று இன்னொரு தலைப்பாகையும் கூடவே எடுத்துப் போவார். ஒருமுறை அடிபட்ட விமானத்தோடு இங்கிலாந்தின் டோவர் பக்கம் தரையில் மோதி இறங்கினார். தலைப்பாகை முழுக்க ரத்தம். அதன் மடிப்புகள்தான் தலையைக் காப்பாற்றின என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அவருடைய போர்க்காலப் படங்கள் என்று நான் பார்த்தவையெல்லாம் கருப்பு வெள்ளை. தலைப்பாகை அதில் சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது.