சுங்கச் சுவரின் உயரத்தை அளப்பது எப்படி?

[திரையில்: மேசைமேல் இரண்டு டி-ஷர்ட்கள்]

இரண்டும் ஒரே வெட்டு, ஒரே தையல். ஒன்று பருத்தி, இன்னொன்று பாலியஸ்டர். திருப்பூரிலிருந்து அமெரிக்கா போனால் பருத்திக்கு அடிப்படை வரி 16.5%, பாலியஸ்டருக்கு 32%. 2025-இல் ஏற்றிய கூடுதல் வரிகளை இதில் சேர்க்கவில்லை. அவற்றை விட்டுப் பார்த்தால் அமெரிக்காவின் சராசரி வரி 3.5 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கணக்கில் அது வரி குறைந்த நாடுதான்; பனியன் தைப்பவருக்கு அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. சுங்கச் சுவரை, அதாவது இறக்குமதிக்கு ஒரு நாடு போடும் தடையை, தொழில்வாரியாக அளந்தாக வேண்டும்.

வேலை எச்.எஸ். குறியீட்டில், அதாவது வணிகப் பொருள்களை வகைப்படுத்தும் உலகப் பொது எண்ணில், தொடங்குகிறது. முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்கே பொது: 610910 என்றால் பருத்தி டி-ஷர்ட். அதற்குமேல் ஒவ்வொரு நாடும் தன் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். வரிப் பட்டியல் 2022 பதிப்பிலும் இறக்குமதிக் கணக்கு 2017 பதிப்பிலும் இருந்தால், சில குறியீடுகளுக்கு ஜோடி கிடைக்காது. அந்த வெற்றிடத்தை மென்பொருள் 0% என்று எடுத்துக்கொள்ளக்கூடும். முதலில் இதைத்தான் சோதியுங்கள்.

அடுத்து, சராசரி எடுப்பது. பெரிய பொறி இங்கேதான்.

[திரையில்: இரண்டு பெட்டிகள்]

ஒரு தொழிலில் இரண்டே பொருள்கள். முதல் பொருளுக்கு வரி 5%, இறக்குமதி 95 கோடி. இரண்டாவதற்கு வரி 150%, இறக்குமதி 5 கோடி. இறக்குமதி மதிப்பை எடையாக வைத்தால் சராசரி 12.25%. இப்போது இரண்டாவதன் வரியை 300% ஆக்குங்கள். இறக்குமதியே நின்றுபோகும், எடை பூஜ்யமாகும், சராசரி 5 சதவீதத்துக்கு இறங்கும். சுவரை இரு மடங்கு உயர்த்தினோம், அளவுகோலோ குட்டையாகிவிட்டது என்கிறது! எடையில்லாத சராசரி 152.5% காட்டும். ஆனால் அதில் யாரும் வாங்காத சரக்குக்கும் கோடிக்கணக்கில் வரும் சரக்குக்கும் ஒரே மதிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், அந்தத் தொழிலுக்குள் உயர்ந்த வரி எங்கோ ஒளிந்திருக்கிறது.

வரி சதவீதமாக இல்லாமல் எடைக்கு இவ்வளவு என்று இருந்தால்? அமெரிக்காவில், குறைந்த வரியில் அனுமதிக்கும் ஒதுக்கீட்டு அளவுக்கு மேல் வரும் கச்சாச் சர்க்கரைக்குப் பவுண்டுக்கு 15.36 சென்ட். உலக விலை 24 சென்ட்டாக இருந்தால் அது 64%. விலை 12 சென்ட்டுக்கு விழுந்தால் 128%. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எனவே எந்த ஆண்டு விலையை வைத்துச் சதவீதமாக மாற்றினீர்கள் என்பதை எழுதிவையுங்கள். மூன்றாண்டுச் சராசரி விலை இன்னும் நல்லது.

மூலப்பொருளின் வரியையும் பார்க்க வேண்டும். முடிந்த சரக்குக்கு வரி 20%. அதன் உலக விலையில் நூற்றுக்கு 60 பங்கு மூலப்பொருள், அதற்கு வரி 10%. இருபதிலிருந்து ஆறைக் (பத்தில் 60 சதவீதம்) கழித்து, மீதி 0.4 பங்கால் வகுத்தால் 35%. ஆலைக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு இதுதான். மூலப்பொருள் வரி 40% ஆனால் விடை மைனஸ் 10%. அரசு தன் தொழிலையே தண்டிக்கிறது என்று பொருள்.

வரியல்லாத தடைகளை எண்ணுவது எளிது, எடை போடுவதுதான் கடினம். லேபிள் ஒட்டும் விதியும் முழுத் தடையும் எண்ணிக்கையில் ஒன்றுதான். அதனால் விலை இடைவெளியைப் பார்க்கிறோம். வந்திறங்கிய விலை 100, வரி 10, கையாளலும் வண்டிக்கூலியும் வியாபாரி லாபமும் 8, உள்ளூர் மொத்த விலை 142. விளக்கம் கிடைக்காத 24 தான் தடையின் விலை. தரம் ஒன்றாக இருக்க வேண்டும். பொன்னியைப் பாஸ்மதியோடு வைத்தால் கணக்கே குப்பை.

வேறொரு வழி, நடந்த வணிகத்தை, தடை இல்லாவிட்டால் நடந்திருக்க வேண்டிய வணிகத்தோடு ஒப்பிடுவது. இதில் தொழிலின் இயல்பு நுழைகிறது. வணிகம் பாதியாகக் குறைந்திருக்கிறது என்று வையுங்கள். பதிலீட்டு நெகிழ்ச்சி (விலை ஏறினால் வாங்குபவர் வேறு சரக்குக்கு எவ்வளவு எளிதாக மாறுவார் என்பதன் அளவு) 5 என்றால் அது ஏறத்தாழ 19% வரிக்குச் சமம். 9 என்றால் 9% தான். எல்லாத் தொழிலுக்கும் ஒரே நெகிழ்ச்சியைப் போடுவது சோம்பேறித்தனம்.

சேவைகளுக்குச் சுங்கச்சாவடியே கிடையாது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பு 2014 முதல் வெளியிடும் சேவை வணிகத் தடைக் குறியீட்டில் 0 என்றால் முழுத் திறப்பு, 1 என்றால் முழு மூடல். வங்கி, கட்டடக்கலை, கப்பல் போக்குவரத்து எனத் துறைவாரியாகக் கிடைக்கும். சட்டத்தில் எழுதியிருப்பதற்கே அது மதிப்பெண் போடுகிறது; உரிம விண்ணப்பத்தை அதிகாரி எப்படிக் கையாள்கிறார் என்பது பெரும்பாலும் அதில் சிக்காது.