ஹில்டெஸ்ஹைம் சந்தைச் சதுக்கத்து மர மாளிகை

நேயர்களுக்கு வணக்கம்.

வட ஜெர்மனியில், ஹனோவர் நகருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஹில்டெஸ்ஹைம் என்ற ஊர் இருக்கிறது. அதன் சந்தைச் சதுக்கத்தில் நகரமன்றக் கட்டடத்துக்கு நேர் எதிரே, மேற்குப் பக்கமாக, சுமார் 26 மீட்டர் உயரத்துக்கு ஒரு மர வீடு நிற்கிறது. க்னோஹன்ஹவர் ஆம்ட்ஸ்ஹவுஸ் என்பது அதன் பெயர். இறைச்சி வெட்டுவோர் சங்கம் 1529இல் கட்டிக்கொண்ட மாளிகை அது. இறைச்சியைச் சேமிக்க நிலவறை, விற்கத் தரைத்தளம், கூடிப் பேச மேலே ஒரு மண்டபம், அதற்கும் மேலே சரக்குத் தளங்கள் என்று தொழிலுக்கு ஏற்றபடி அமைத்திருந்தார்கள்.

இந்த வீடு எப்படி நிற்கிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் அதன் வரலாறும் புரியும்.

இங்கே சுவர் எடை தாங்குவதில்லை. எடை முழுவதும் ஓக் மரச் சட்டகத்தின் மேல்தான். கல் அடித்தளத்தின் மேல் படுக்கையாக ஓர் அடிச்சட்டம், அதன் மேல் நிமிர்ந்த கால்கள், கால்களின் தலையில் மேல்சட்டம், அதன் மேல் குறுக்கு விட்டங்கள். அந்த விட்டங்களின் நுனி, கீழ்த்தளச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த தளத்தின் அடிச்சட்டம் அந்த நுனிகளின் மேல்தான் உட்காரும். அதனால்தான் மேலே போகப் போக வீடு தெருப்பக்கம் துருத்திக்கொண்டு வருகிறது. நீட்டிய விட்டத்துக்குக் கீழே செதுக்கிய தாங்குகட்டை ஒன்று முட்டுக் கொடுக்கும். விட்டத்துக்கும் விட்டத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியைச் சாய்வான பலகை அடைக்கும். ஓவியம் தீட்டியது இந்தப் பலகைகளில்தான்.

துருத்தலால் மாடியில் இடம் கூடும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மேல்தளத்தில் வடியும் மழைநீர் கீழ்த்தளச் சுவரில் படாமல் தள்ளி விழுகிறது. மர வீட்டை அழிப்பதில் நெருப்புக்கு அடுத்த இடம் தேங்கும் ஈரத்துக்குத்தான்.

இனி மூட்டுக்கு வருவோம். ஒரு மரத்தின் நுனியை மெலிந்த நாக்குப் போல, கழுந்தாகச் செதுக்கி, இன்னொரு மரத்தில் வெட்டிய துளைக்குள் நுழைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து மர ஆணி அடிக்கிறார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்தில் போடும் ஆணித்துளையை, வெளிமரத்தின் துளைக்கு நேராகப் போடாமல், கழுந்து தன் மரத்தோடு சேரும் தோள்பக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். ஆணி உள்ளே இறங்க இறங்க மூட்டை இழுத்து இறுக்கும். ஆணி நன்றாகக் காய்ந்த ஓக்காக, நாரோட்டத்திலேயே பிளந்து எடுத்ததாக இருக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்த ஆணியில் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும், அடிக்கும்போதே முறிந்துவிடும். பெரிய மரங்களைப் பச்சையாகவே வேலை செய்வதுதான் பழைய வழக்கம். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கடினம். பச்சை மரம் காயும்போது சுருங்கி, காய்ந்த ஆணியைக் கவ்விக்கொள்ளும்.

ஒவ்வொரு மூட்டும் தனித்தனி அளவு என்பதால் ஒன்றின் கழுந்து மற்றொன்றில் சேராது. ஆகவே சட்டகத்தைத் தரையில் பரப்பிப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு உளியால் கோட்டு எண் வெட்டி, பிறகு பிரித்து மேலே ஏற்றுவார்கள். ஜெர்மனியின் பழைய மர வீடுகளில் இந்தக் குறிகளை இன்றும் பார்க்கலாம்.

1884இல் மாளிகையின் மேற்பகுதியில் தீப்பிடித்தது. சட்டகம் பிழைத்தது; பழுது பார்த்தார்கள். பருத்த ஓக் உத்தரம் நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் கரியும். மேலே படியும் கரியே உள்மரத்துக்குக் காப்பு. ஆனால் அது ஒரு வீடு தனியாக எரிந்து, அணைக்க ஆளும் தண்ணீரும் இருக்கும்போது. 1945 மார்ச் 22ஆம் தேதி வான்குண்டு வீச்சில் பழைய நகரமே ஒருசேர எரிந்தது. மாளிகை அடியோடு போயிற்று.

போருக்குப் பிறகு சதுக்கத்தை எப்படிக் கட்டுவது என்று நீண்ட விவாதம். முடிவில் 1960களில், மாளிகை இருந்த இடத்தில் ஒரு கான்கிரீட் ஹோட்டல் எழுந்தது. 1980களின் பிற்பாதியில் அதை இடித்து, பழைய வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் வைத்து மாளிகையை மீண்டும் எழுப்பினார்கள். 1989இல் வேலை முடிந்தது. பக்கத்தில் ரொட்டி சுடுவோர் சங்க வீடும் கூடவே எழுந்தது.

இதைப் போலிப் பழமை என்று குறை சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கான்கிரீட் கட்டி வெளியே மரப்பலகை ஒட்டியிருந்தால் அந்தப் பேச்சு பொருந்தும். இங்கே எடையைத் தாங்குவதே ஓக் சட்டகம்தான். மூட்டுகள் கழுந்தும் மர ஆணியுமாகவே செய்யப்பட்டவை. மரம் பழையதல்ல, வேலைமுறை பழையது. அந்த வேலையைச் செய்து பழகிய தச்சர்கள் மற்ற பழைய வீடுகளையும் காப்பாற்ற முடியும். சாய்பலகைகளில் இன்றைய ஓவியர்களுக்கும் இடம் கொடுத்தது நல்ல முடிவு.

இத்தகைய வீடுகள் பராமரிப்பில் எங்கே கெடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சட்டங்களுக்கு இடைப்பட்ட கட்டங்களைப் பழைய காலத்தில் ஓக் குச்சிகளை நட்டு, வளாரால் தட்டி பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பி, சுண்ணாம்பு பூசி நிரப்பினார்கள். களிமண் மரத்தின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். போருக்குப் பிந்தைய பழுதுபார்ப்புகளில் பல இடங்களில் அதை எடுத்துவிட்டு சிமென்ட் பூசினார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும், சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். மழைநீர் அதில் புகுந்துவிடும், திரும்பி வர வழியில்லை. மேலே பிளாஸ்டிக் வண்ணமும் பூசிவிட்டால் கேட்கவே வேண்டாம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீண்ட காலம் நின்றால் பூஞ்சைக்கு வாசல் திறந்த மாதிரி. வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும்.

மாளிகையின் கீழ்ப்பகுதியில் இன்று உணவகம் நடக்கிறது, மேல்தளங்களில் நகர அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகும் நேயர்கள் மரக்கால்களில் நீளவாக்கில் வெடிப்புகளைப் பார்த்தால் கவலைப்பட வேண்டாம். காயும் ஓக் அப்படித்தான் வெடிக்கும், தாங்கும் வலு அநேகமாகக் குறையாது. பார்க்க வேண்டியது அடிச்சட்டத்தையும், விட்டங்களின் வெளிநுனியையும், கால் வந்து உட்காரும் மூட்டையும். அங்கே ஒரு சிறு ஊசியால் குத்தினால் நல்ல மரம் எதிர்த்து நிற்கும், கெட்டது உள்ளே வாங்கும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே நாரோட்டத்தில் புதிய ஓக் துண்டை ஒட்டுப்போட்டுவிடலாம்; முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை.

வணக்கம்.