சுவரில் இருந்து இறங்கிய படம்

வணக்கம் நேயர்களே.

மட்டக்களப்பு அரசியலில் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது என் மனதில் உடனே வந்த பெயர் செல்லையா இராசதுரை. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நம் ஊரில் இரண்டு விதமாகத்தான் முகம் மாறும். வயதானவர்களில் ஒரு சிலர் "சொல்லின் செல்வர்" என்று மரியாதையாகச் சொல்வார்கள். இன்னும் சிலர் "கட்சி மாறினவர்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். என் அப்பா இந்த இரண்டு பேச்சையும் பேசியவர். அதனால் அவருடைய கதையையும் கொஞ்சம் சேர்த்தே சொல்கிறேன்.

இராசதுரை 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சி சார்பில் மட்டக்களப்பில் வென்றார். அப்போது அவருக்கு 29 வயது கூட நிரம்பவில்லை. அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது 10 ஆசனம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே வருடம் ஜூன் 5ஆம் திகதி காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகிகள் அடிபட்டதும் அவர் எம்.பி.யான முதல் சில வாரங்களுக்குள் நடந்தவை. அதன்பின் 1989 வரை, எல்லாமாக 33 வருடம், அவர் மட்டக்களப்பின் எம்.பி.யாகவே இருந்தார். அதில் முதல் 23 வருடம் தமிழர் கட்சியில், கடைசிப் பத்து வருடம் யூ.என்.பி. என்ற ஐக்கிய தேசியக் கட்சியில். நாம் அந்தப் பத்து வருடத்தை வைத்தே முழு மனிதரையும் அளந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்குள்ள மனக்குறை.

எங்கள் வீட்டு முன்சுவரில் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய 1961 சத்தியாக்கிரகத்தில் எடுத்தது. அப்போது கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், கோட்டைக்குள் இருந்தது. அரசாங்க அலுவல் நடக்கவிடாமல் சனம் அந்தப் பாதையில் குந்தியிருந்தது. படத்தில் முதல் வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெலிந்த ஒரு பொடியன் இருப்பார். அதுதான் அப்பா. அவருக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருப்பவர் இராசதுரை. வலது கை மேலே தூக்கியபடி இருக்கும். அந்தப் பேச்சைக் கேட்க வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து தோணியிலும் மாட்டு வண்டியிலும் ஆட்கள் வந்ததாக அப்பா சொல்வார். அந்த ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்களைப் பிடித்து அடைத்தார்கள். வெளியே வந்த பிறகும் அவருக்கு ஊரில் செல்வாக்குக் குறையவில்லை. 1967இல் மட்டக்களப்பு மாநகர சபை வந்தபோது அதன் முதல் மேயரும் அவரே.

சரி, பிறகு ஏன் போனார்? இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

1977 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடம் என்பதால் இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை நின்றார். ஆனால் அதே தொகுதியில் பழைய தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தனும் நின்றார். ஒரே இயக்கத்தின் இரண்டு சின்னம், ஒரே ஊரில்! எங்கள் தெருவில் ஒரு வேலியில் சூரியன், எதிர் வேலியில் வீடு. அண்ணன் தம்பி கதைக்காமல் இருந்த குடும்பங்களும் உண்டு. முடிவில் இராசதுரை முதலாவது எம்.பி.யாக வந்தார். இரண்டாவது ஆசனம் யூ.என்.பி.யின் பரீத் மீராலெப்பைக்குப் போனது. காசி ஆனந்தன் மூன்றாவதாக வந்தார்.

இருபது வருடத்துக்கு மேல் தொகுதியைக் கட்டிக் காத்த ஒருவருக்கு எதிரே தன் வீட்டுக்குள்ளிருந்தே இன்னொரு ஆளை இறக்கினால் அவருக்கு எப்படி இருக்கும்? கட்சியின் பெருந்தலைவர் தந்தை செல்வா அந்த ஏப்ரலில்தான் காலமாகியிருந்தார். அடுத்த தலைமை யாழ்ப்பாணத்தவரான அமிர்தலிங்கத்திடம் போனது. மூத்தவராகிய தன்னை ஒதுக்கிவிட்டார்கள், அதுவும் மட்டக்களப்பான் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்ற எண்ணம் இராசதுரைக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் இருந்தது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிழக்கை அந்தக் கட்சி எப்போதுமே ஒதுக்கியது என்று சொல்ல முடியாது. பட்டிருப்பு இராசமாணிக்கம் தமிழரசுக் கட்சிக்கே தலைவராக இருந்தவர். ஆனால் 1977இல் எங்கள் ஆட்கள் பட்ட காயம் கற்பனை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கூட்டணிக்கு 1977இல் கிடைத்தது 18 ஆசனம். அதில் கிழக்கில் இருந்து வந்தவர்கள் நாலு பேர்: திருகோணமலை சம்பந்தன், மட்டக்களப்பு இராசதுரை, பட்டிருப்பு கணேசலிங்கம், பொத்துவில் கனகரட்ணம். இரண்டு வருடத்துக்குள் இந்த நாலு பேரில் இரண்டு பேர் யூ.என்.பி. அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள். வடக்கில் வென்ற 14 பேரில் ஒருவரும் போகவில்லை. "துரோகம்" என்ற ஒரு சொல்லை வைத்து இதை விளக்கிவிட முடியுமா? ஏதோ ஒன்று கட்சிக்குள்ளேயே பிசகியிருக்க வேண்டாமா?

முதலில் போனவர் கனகரட்ணம், 1977 டிசம்பரில். அடுத்த மாதமே கொழும்பில் அவரைச் சுட்டார்கள். உயிர் தப்பினாலும் 1980இல் இறந்துபோனார். இராசதுரை அடுத்ததாகப் போனது இதெல்லாம் தெரிந்த பிறகுதான்.

இடையில் 1978 நவம்பர் 23. புயல் அடித்த அந்த இரவை நம் மாவட்டத்தில் யாருக்கும் நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. எனக்கு 12 வயது. கூரைத் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து போக, அம்மம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி மேலே பாயைப் போட்டு மூடினா. விடிய எழும்பிப் பார்த்தால் ஊரே வெளிச்சமாகக் கிடந்தது, ஏனென்றால் நிழல் தர ஒரு மரம் இல்லை. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. சுவரில் அந்தப் படம் மட்டும் விழாமல் நின்றது. கண்ணாடியில் ஒரு மூலை உடைந்திருந்தது.

மூன்றரை மாதம் கழித்து, 1979 மார்ச் 7ஆம் திகதி, இராசதுரை யூ.என்.பி.யில் சேர்ந்தார். அதற்கு முந்திய மாதம் அரசியலமைப்புக்கு இரண்டாவது திருத்தம் வந்திருந்தது. கட்சி மாறுகிற எம்.பி.யின் ஆசனம் உடனே தானாகப் பறிபோகாதபடி செய்த திருத்தம். அவருக்காகவே கதவு திறந்தார்கள் என்று அன்று எல்லாரும் பேசினார்கள், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. பிரதேச அபிவிருத்தி அமைச்சர் பதவியும் கிடைத்தது. புயலில் அழிந்த ஊரைத் தூக்கி நிறுத்த அமைச்சுப் பலம் வேண்டும் என்பது அவர் பக்க நியாயம். அம்மம்மா அதை ஏற்றுக்கொண்டா. "பசிச்ச ஊருக்குச் சோறு கொண்டு வரட்டும்கா, மறுகா கட்சியப் பாப்பம்" என்றா. அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. ஒன்றும் பேசாமல் படத்தைக் கழற்றி, சீலைத்துண்டில் சுற்றி, நெற்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

1982இல் சுவாமி விபுலாநந்தர் பெயரில் இசை நடனக் கல்லூரி மட்டக்களப்பில் தொடங்கியது. அது இராசதுரையின் அமைச்சு செய்த வேலை. இன்றைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருப்பது அதுதான். என் அக்கா அங்கே வீணை படித்தா. அப்பா தினமும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். வாசலுக்கு உள்ளே மட்டும் காலடி வைக்கமாட்டார். எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்தபடி, வகுப்பு முடியும்வரை நிற்பார். உள்ளே இருந்து வரும் வீணைச் சத்தம் அவருக்குக் கேட்கும். வீட்டுக்கு வந்து "இண்டைக்கு ஒரு இடத்தில சுருதி பிசகிப் போச்சு" என்று அக்காவிடம் சொல்வார்.

அப்புறம் 1983. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஜூலையில் தமிழர்களை வெட்டினார்கள், எரித்தார்கள். ஆகஸ்டில் அரசியலமைப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று எம்.பி.க்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அது. கூட்டணி எம்.பி.க்கள் அந்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். இராசதுரை அமைச்சராகவே இருந்தார். கட்சி மாறியதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. இதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. 1961இல் கச்சேரி வாசலில் கையைத் தூக்கி நின்றவர் அந்த ஆகஸ்டில் பதவியைத் தூக்கி எறிந்திருந்தால் நெற்பெட்டிக்குப் பின்னால் இருந்த படத்தை அப்பா அன்றைக்கே எடுத்து மாட்டியிருப்பார். அப்பா அதற்காகக் காத்திருந்தார் என்று அக்கா இப்போதும் சொல்கிறா. 1989க்குப் பின் இராசதுரை மலேசியாவில் இலங்கைத் தூதுவராக இருந்தார், ஊர் அரசியல் வேறு கைகளுக்குப் போய்விட்டது.

அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் அப்பாவையும் இராசதுரையையும் தவிர இன்னும் முப்பது நாற்பது முகங்கள் உண்டு. ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அப்பா இருந்தபோது கேட்டு எழுதி வைக்கவில்லை. இந்த ஊரின் பழைய கடதாசிகளில் பாதி புயலோடு போனது, மீதி யுத்தத்தோடு போனது. உங்கள் வீட்டுப் பெட்டியில் 1961 சத்தியாக்கிரகப் படமோ, 77 தேர்தல் நோட்டீஸோ, சூரியனோ வீடோ எந்தச் சின்னமாக இருந்தாலும் சரி, கறையான் தின்ன விடாதீர்கள். வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் இருத்தி, படத்தில் யார் யார் என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனையால் எழுதினால் மை ஊறும்.

நன்றி, வணக்கம்.