தண்ணீர் வருமுன் லாரிக்கும் தூர்வார வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சித்திரை மாதம் நடந்துகொண்டிருக்கிறது. வெண்ணாற்றில் இப்போது மணலும் நாணலும்தான் தெரிகின்றன. கிளை வாய்க்கால்களில் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கித் தூர்வாரத் தொடங்கிவிட்டன. நீடாமங்கலம் பக்கத்தில் தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் வாங்கி விற்கும் சிறு வியாபாரியான எனக்கு இதுதான் லாரிக்கும் தூர்வாரும் மாதம். என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டு மாடல் டாடா 407 ஒன்று. பழைய டீசல் வண்டியை வைத்துச் சிறு தொழில் செய்வோர் அதை எவ்வாறு பேண வேண்டும் என்று பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, நான் மெக்கானிக் இல்லையே என்று முதலில் தயங்கினேன். ஆனாலும் அந்த வண்டிக்குப் போட்ட டீசலையும் செய்த செலவையும் ஒரு நாள் விடாமல் கணக்கு நோட்டில் எழுதி வருகிறேன் என்பதால், அந்த நோட்டை நம்பி இங்கே வந்திருக்கிறேன்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும், எப்போது ஃபில்டர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் வண்டிக்குத்தான் சரியாகப் பொருந்தும். டெல்டாவில் வண்டி அப்படி ஓடுவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடைக்கும், தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடைக்கும் இரவு பகலாக ஓடிவிட்டு, இடையில் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. ஓடும்போது தூசி, நிற்கும்போது ஈரம் என்று இரண்டுமே அதைத் தின்கின்றன. ஆகவே கிலோமீட்டர் கணக்கோடு ஆற்றுக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தேதி எப்படி மாறினாலும், தண்ணீர் வந்து நடவு வேலை தொடங்கிவிட்டால் விதைநெல், உரம் என்று நடை கேட்பார்கள். பட்டறையில் நிறுத்த நேரம் கிடைக்காது. வைகாசி பிறப்பதற்குள் பெரிய வேலைகளை முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டது அதனால்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், பக்கத்து ஊர் விவசாயி ஒருவரின் நெல்லை 60 சிப்பம், சிப்பத்துக்கு 40 கிலோ வீதம் 2,400 கிலோ, ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாய்க்கால் கரையில் ஒரு மதகுப் பாலத்தின் மீது ஏறும்போது வண்டி இரண்டு முறை இழுத்து இழுத்துத் திணறி நின்றுவிட்டது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பதமாகக் காயவைத்துக் கொண்டுவந்த நெல் அன்றிரவு கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் பனியிலும் தூறலிலும் நின்றது. மறுநாள் அதை மீண்டும் களத்தில் கொட்டிக் காயவைத்தார்கள். அந்த விவசாயி என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த பருவத்துக்கு வேறொருவர் வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார். ரிப்பேர் பில்லை நான் எப்போதோ மறந்துவிட்டேன், இதைத்தான் மறக்க முடியவில்லை.

பழுதுக்குக் காரணம் வேறு யாரும் அல்லர், நானேதான். விலை ஏறப்போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அடைமழைக் காலத்தில் ஒரு பீப்பாய் டீசல் வாங்கிக் கொட்டகையில் வைத்திருந்தேன். மூடி சரியாக இறுகாத அந்தப் பீப்பாய்க்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போல் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு சுருக்கி, அந்த அழுத்தத்தில் 500 டிகிரிக்கு மேல் ஏறும் சூட்டில் டீசலைப் புகைபோல் தூவினால் அது தானாகப் பற்றிக்கொள்கிறது. அவ்வளவு மெல்லியதாகத் தூவுவதற்கு, டீசலை அழுத்தித் தள்ளும் பம்பிலும் அதைத் தூவும் நாசிலிலும் உள்ள உருளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் ஒன்றோடொன்று உராய்ந்து ஓடுகின்றன. அவற்றுக்கு வழுவழுப்புத் தருவது உள்ளே ஓடும் டீசலேதான். தண்ணீர் புகுந்தால் வழுவழுப்பும் போகிறது, துருவும் ஏறுகிறது. தஞ்சாவூரில் பம்பு வேலை பார்க்கும் ஒரு பெரியவர் என் வண்டியின் பம்பிலிருந்து கழற்றிய பிளஞ்சர் என்னும் உருளையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கண்ணாடிபோல் மின்னிய எஃகின் மேல் தலைமுடி கனத்தில் ஒரு கீறலும், கடுகளவு பழுப்புப் புள்ளியும் இருந்தன. "இம்புட்டுத்தான் தம்பி, இதுக்குத்தான் இவ்வளவு காசு" என்றார்.

அன்றிலிருந்து டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் தங்கும் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி, வாரம் ஒரு முறை கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறேன். பாட்டிலை ஜன்னலோரம் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால், மேலே டீசல் தேன் நிறத்திலும் அடியில் தண்ணீர் தெளிவாகவும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சில சமயம் இரண்டுக்கும் நடுவே பாசிபோல் கறுத்த வழவழப்பு ஒன்று மிதக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து உண்டாவது அது. அதைக் கண்டால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்கைக் கழற்றிக் கழுவியே ஆகவேண்டும். மழைக்காலத்தில் வண்டி நிற்கும் நாள்களில் டேங்கைக் காலியாக விடாமல் நிரப்பி வைப்பதும் நல்லது. காலி இடம் குறைந்தால் உள்ளே வியர்க்கும் ஈரமும் குறையும். ஃபில்டர் மாற்றிய பிறகு லைனில் காற்று அடைத்துக்கொள்ளும். கை பம்பை அழுத்தி, திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்று எடுப்பது ஒவ்வொரு டிரைவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலை. அதற்காக மெக்கானிக்கை வழிநடுவில் கூப்பிட்டு நிற்பது வீண் செலவு.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கந்தகத்தை எடுத்துவிட்டதால் பழைய பம்புகள் வறண்டு தேய்ந்துவிடும் என்று சொல்லி, சிலர் டீசலோடு டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயிலைக் கலந்து ஊற்றுகிறார்கள். குறைந்துபோன வழுவழுப்பை ஈடுசெய்யும் மருந்தைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் கை வைத்தியம் செய்ய வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பம்பை விற்பது.

அடுத்தது தூசி. அறுவடை இயந்திரம் ஓடும் வயலோரத்தில் அரை நாள் வண்டி நின்றாலே, பதரும் வைக்கோல் துகளும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும். முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டார்ச் அடித்து இன்ஜின் பக்கமிருந்து பார்த்தால்தான் வெளிச்சம் மறுபுறம் போகாதது தெரியும். அதைக் கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடிந்து, பிறகு காற்றே போகாது. ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டுவதும் தவறுதான். தாள் நெளிந்து ஓரம் விலகினால், தூசி நேராக இன்ஜினுக்குள் போய் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கையும் அரம்போல் ராவிவிடும். ரேடியேட்டருக்குள் ஊற்றும் தண்ணீரிலும் கவனம் தேவை. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் கைபம்புத் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் பாத்திரத்தில் படிவதுபோல் உள்ளே உப்புப் படிந்து, ஒரு கோடையில் இன்ஜின் கொதித்து இன்ஜின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் போகும். கூலண்ட் விலை அதிகம் என்பவர்கள், ஹெட் இறக்கி ஏற்றும் கூலியை ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

வண்டி தன் நோயைப் புகையில் சொல்லும். பாரம் ஏறும்போது கறுப்புப் புகை கக்கினால், டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு என்று பொருள். பெரும்பாலும் ஏர் ஃபில்டரும் நாசிலும்தான். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால், டீசல் எரியாமல் போகிறது அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது ஆயில் கறுத்திருப்பது டீசல் இன்ஜினில் இயல்பு. ஆனால் பால் கலந்த காப்பிபோல் இருந்தாலோ, ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தாலோ, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இழுவை போதவில்லை என்று பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைப்பவர்கள் உண்டு. இரண்டு நாள் வண்டி பறக்கும். அதன் பிறகு வரும் கறுப்புப் புகையும் சூடும் பிஸ்டனைத்தான் பதம் பார்க்கும். என் நோட்டில் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒரு மாசியில் 8-க்கு இறங்கியபோது, புகை கறுப்பதற்கு முன்பே நாசிலைக் கழற்றிச் சோதித்தேன். ஒன்று தூவாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

கிரீஸும் பிரேக்கும் எல்லோரும் அறிந்தவை. சேற்று வரப்பில் இறங்கி ஏறிய பிறகு, பழைய கிரீஸ் தண்ணீரோடு வெளியே பிதுங்கும்வரை சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான கிராஸுக்கும், முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிடுகிறேன்.

எஃப்.சி. பற்றி ஒரு வருத்தம் எனக்கு உண்டு. எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். நம்மில் பலர் அந்த ஒரு வாரத்துக்காகவே வண்டிக்கு வேலை பார்க்கிறோம். பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, எரியாத விளக்கை எரியவைத்துக் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம். பாடியின் குறுக்குச் சட்டங்களுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் இடையே தவிடும் ஈரமும் சேர்ந்து அரித்திருப்பதைப் புதுப் பெயிண்ட் மூடிவிடுகிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஓசை சொல்லிவிடும்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று விழும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகும், அதற்கு முன்னும் பின்னும் வந்த பெருமழைகளிலும், இன்ஜின் உயரத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல் சுருங்காது. செல்ஃப் அடித்த அடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, நாசில்களை எடுத்துத் தண்ணீரை வெளியேற்றி, எல்லா ஆயிலையும் மாற்றிய பிறகே சாவியைத் தொடலாம்.

என் வண்டியின் டேங்க் இப்போது பட்டறையில் கவிழ்த்துக் காயவைக்கப்பட்டிருக்கிறது. ரேடியேட்டர் திங்கட்கிழமை வருகிறது. வண்டி நிற்கும் இந்த நாள்களில் என் பெரிய கவலை எலிதான். தவிட்டு வாசனைக்கு வந்து, ஏர் ஃபில்டருக்குள் கூடு கட்டி, ஒயரைக் கடித்துவிடுகிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, இரவில் பானெட்டைத் திறந்தே வைக்கிறேன். இருட்டான மூலை இல்லாத இடத்தில் எலி தங்குவதில்லை.

நன்றி, வணக்கம்.