பாட்டு சபைக்குச் சொந்தம்

(கோவையில் கல்லூரி மாணவர்களும் சபைப் பாடகர் குழுவினரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, குருவானவர்களே, பாடகர் குழு நண்பர்களே, கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மார்ட்டின் லூத்தர் வழி வந்த லுத்தரன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டிலும் கல்லூரி வாழ்க்கையிலும் இசைக்கு என்ன இடம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். லுத்தரன் மரபில் பாட்டு சபைக்கு, அதாவது கோயிலில் கூடியிருக்கிற எல்லா ஜனங்களுக்கும், சொந்தம். பாடகர் குழு, ஆர்கன், கீபோர்டு, மைக் எல்லாமே சபையைப் பாட வைக்க வந்தவை. இன்றைக்கு அவை சபையின் வாயை மூடிக்கொண்டிருக்கின்றன. இதைச் சரிசெய்யத் தொடங்க வேண்டிய இடம் கல்லூரி என்று உறுதியாக நம்புகிறேன்.

மார்ட்டின் லூத்தர் என்றால் 1517, ஜெர்மனியின் விட்டன்பர்க், ரோமச் சபையைக் கேள்வி கேட்ட 95 குறிப்புகள் என்றுதான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பார், நன்றாகப் பாடுவார், ஐசனாக் ஊரில் படித்தபோது மற்றப் பையன்களோடு தெருத்தெருவாகப் பாடிப் போய் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டவர் என்பதெல்லாம் நம் காதில் விழுந்ததே இல்லை. அந்தக் காலத்து வழிபாட்டில் குருமாரும் பாடகர்களும் லத்தீனில் பாடுவார்கள். ஜனங்கள் பெரும்பாலும் நின்று கேட்பார்கள். 1523-ஆம் ஆண்டுக் கடைசியில் லூத்தர் தம் நண்பர் ஸ்பாலட்டினுக்கு ஒரு கடிதம் எழுதினார். வேதாகமத்தில் உள்ள சங்கீதங்களை ஜெர்மன் பாட்டாக்கித் தாருங்கள், அரண்மனைப் பேச்செல்லாம் வேண்டாம், சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற சொல்லாகப் போடுங்கள் என்று அதில் கேட்டார். அடுத்த ஆண்டே எட்டுப் பாட்டு மட்டும் உள்ள ஒரு சின்னப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது.

அதே 1524-இல் யோகான் வால்ட்டர் என்ற இசைக்கலைஞர் பல குரல்களுக்குப் பாட்டமைத்து ஒரு புத்தகம் போட்டார். முன்னுரை லூத்தருடையது. அதில் அவர் யாரை நினைத்து எழுதினார் என்று பாருங்கள். இளைஞர்களை. வாலிபப் பிள்ளைகள் எப்படியும் எதையாவது பாடத்தான் போகிறார்கள், நல்ல பாட்டைக் கையில் கொடுத்தால் அதைப் பாடுவார்கள் என்பது அவர் கணக்கு. பாடத் தெரியாத வாத்தியாரை நான் ஏறிட்டும் பார்க்க மாட்டேன் என்றுகூடப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். ஆக, முதல் லுத்தரன் பாட்டுப் புத்தகங்களில் ஒன்று மாணவர்களை மனத்தில் வைத்தே வந்தது. கல்லூரியையும் கோயிலையும் இங்கே ஒன்றாக வைத்துப் பேசுவதற்கு 500 வருஷத்து நியாயம் இருக்கிறது.

வால்ட்டரின் புத்தகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கிறேன், ஏனென்றால் நம் சிக்கலும் இதுதான். பாட்டின் மெட்டை அவர் பெரும்பாலும் டெனர் என்ற நடுக் குரலில் வைத்தார். அது அந்தக் காலத்து வழக்கம். மேலேயும் கீழேயும் மற்றக் குரல்கள் ஓடிக்கொண்டிருக்க, மெட்டு நடுவில் எங்கேயோ மறைந்து போகும். பயிற்சி பெற்ற பையன்கள் அழகாகப் பாடுவார்கள். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தச்சரும் அவர் மனைவியும் எதைப் பிடித்துக்கொண்டு கூடப் பாடுவது? 1586-இல் லூக்காஸ் ஒசியாண்டர் என்ற குருவானவர் 50 பாட்டுகளை நான்கு குரலில் அமைத்து வெளியிட்டார். மெட்டைத் தூக்கி மேல் குரலில் வைத்தார், நாலு குரலும் ஒரே நேரத்தில் ஒரே அசையைச் சொல்லும்படி செய்தார். அவர் எண்ணம், முழுச் சபையும் கூடச் சேர்ந்து பாட முடிய வேண்டும் என்பது. இன்றைக்கு நீங்கள் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பிரித்துப் பாடும் பாமாலை என்ற ஞானப்பாட்டுப் புத்தகத்துப் பாட்டுகள் பெரும்பாலும் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன. பாடகர் குழு தன் அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, சபைக்கு இடம் கிடைத்தது.

பாக் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. யோகான் செபாஸ்டியான் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும் வரை லைப்சிக் நகரில் புனித தோமா பள்ளியின் இசை ஆசிரியர். உலகம் அவரை மாமேதை என்கிறது. ஊர் அவருக்குக் கொடுத்தது விடுதிப் பையன்களை. 1730 ஆகஸ்டில் அவர் நகர மன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். பையன்களைப் பேர் பேராகப் பிரித்துக் காட்டி, பாடத் தகுதியானவர் 17, இன்னும் தகுதி வராதவர் 20, எதற்கும் ஆகாதவர் 17 என்று கணக்குக் கொடுத்தார். மொத்தம் 54 பேர். இவர்களை வைத்து நகரத்தின் பல கோயில்களுக்கு ஞாயிறுதோறும் பாட்டு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குரலுக்கும் குறைந்தது மூன்று பேர், ஆகக் குழுவுக்குப் பன்னிரண்டு பேராவது வேண்டும், பதினாறு இருந்தால் நல்லது என்று கேட்டார். ஒருவனுக்குச் சளி பிடித்தாலும் பாட்டு நிற்கக் கூடாது என்பது அவர் கவலை. இசை தெரியாமல், சபைப் பாட்டை ஏதோ தட்டுத்தடுமாறிப் பாடக்கூடிய பையன்களைக்கூட அவர் வெளியே அனுப்பவில்லை. பேதுரு கோயிலுக்கு அவர்கள்தான் போனார்கள். சபைப் பாட்டு பாட அவர்களுக்கும் ஒரு இடம் இருந்தது.

கல்லூரிப் பாடகர் குழுவுக்கு ஆடிஷன் வைத்து எட்டுப் பேரை எடுத்து மற்றவர்களை அனுப்பிவிடுகிற நண்பர்களே, அந்த 54 பேர் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, நம் பக்கம் வருவோம்.

1706 ஜூலை 9-ஆம் தேதி லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் படித்த ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் 1704-இல்தான் ஒரு பெரிய பாட்டுப் புத்தகம் வெளியாகியிருந்தது. அந்த மெட்டுகளும் அவரோடு கப்பலேறின. தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தமிழ் வார்த்தையை ஜெர்மன் மெட்டில் பாடினார்கள். பின்னால் வந்த மிஷனரி பப்ரிசியஸ் வேதாகமத்தை மொழிபெயர்த்ததோடு நிறைய ஞானப்பாட்டுகளையும் தமிழாக்கினார். லுத்தரன் சபைகளில் மட்டும் இல்லை, நம் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யின் பாமாலையிலும் அவர் பாட்டுகள் இருக்கின்றன. கொங்கு நாட்டில் லண்டன் மிஷன் வழி வந்த சி.எஸ்.ஐ. சபைகள்தான் அதிகம். லுத்தரன் சபைகள் கோவை, பொள்ளாச்சி என்று சில இடங்களில்தான். ஆனால் பாட்டு அந்த வேலியைப் பார்க்கவில்லை.

அந்த மெட்டுகளில் தமிழ் கொஞ்சம் திணறும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறில் வர வேண்டிய இடத்தில் மெட்டு இழுக்கச் சொல்லும், நெடில் இருக்கும் இடத்தில் ஓடச் சொல்லும். அந்தக் குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸிடம் தஞ்சாவூரில் வளர்ந்தவர். கீர்த்தனை, குறவஞ்சி, கும்மி என்று தமிழர் பாடிக்கொண்டிருந்த வடிவங்களையே எடுத்து வேதத்தைப் பாடினார். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும் அல்லவா? சரணம் தெரியாதவரும், எழுத்தே தெரியாதவரும், பல்லவிக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். புத்தகம் வாங்கக் காசில்லாத சபையைப் பாட வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஒசியாண்டர் நான்கு குரலில் செய்ததைச் சாஸ்திரியார் ராகத்திலும் தாளத்திலும் செய்தார் என்பேன்.

நம் ஈரோட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே பணி செய்த ஹெச்.ஏ. பாப்லி என்ற ஆங்கிலேயர் கர்நாடக இசை கற்று, கதாகாலட்சேபமாக நற்செய்தி சொன்னவர். 1921-இல் இந்திய இசை பற்றி ஒரு நூல் எழுதினார், திருக்குறளில் ஒரு பகுதியையும் ஆங்கிலத்தில் தந்தார். பிரப் ரோட்டில் நடக்கிற ஈரோட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்த மனிதரைத் தெரியும்? தெரிய வேண்டும்.

கீர்த்தனையோடு கதை முடியவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியாபிலஸ் அப்பாவு இன்னொரு கேள்வி கேட்டார். கர்நாடக ராகம் தெரிந்தவர்கள் யார், தெரியாமல் விடப்பட்டவர்கள் யார்? சேரியில் இருக்கிற என் ஜனங்களுடைய பாட்டு எங்கே? நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டு முறைமையை அமைத்தார். கிராமத்து ஜனங்கள் பாடும்போது வரியை மாற்றினால் அது அவருக்குச் சந்தோஷம். அவர் மாணவர்கள் பலர் இன்று குருவானவர்கள். ஒரு கல்லூரி வகுப்பறையிலிருந்து சபைக்குப் பாட்டு போனதற்கு நம் நாட்டிலேயே இருக்கிற சாட்சி அது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வாருங்கள். பலகையில் பாட்டு எண் தொங்குகிற வழக்கம் போய், திரையில் வரி ஓடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு அது உதவி. கீபோர்டில் பென்டிரைவ் சொருகிப் பின்னணி இசை ட்ராக் ஓடுகிறது. மேடையில் நாலு மைக். பாடுகிற தம்பிக்கு எட்டுகிற சுருதியில் பாட்டை ஏற்றி வைத்திருக்கிறார்கள். சபை முதல் வரியில் சேர்கிறது, சரணத்தில் மேல் ஸ்தாயி வந்ததும் ஆண்கள் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த வரியில் பெண்கள். கடைசிச் சரணத்தில் பாடுவது அந்த நாலு மைக் மட்டும். ஒரு நாள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு ஆத்தா அந்தத் தம்பியைப் பிடித்துக் கேட்டார்: “ஏனுங் கண்ணு, பூராப் பாட்டையும் நீங்களே பாடிப்போட்டா, நாங்க எதுக்குங் கண்ணு வந்தோம்?” கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பப்ரிசியஸ் பாட்டுகள் முழுசும் மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர். எனக்கு அன்றைக்கு நெஞ்சு கனத்துப் போனது.

இது கொங்கு நாட்டில் நடப்பதுதான் இன்னும் வேதனை. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளை வளர்க்கிற மண் இது. உடுக்கையடித்து அண்ணமார் கதையை விடிய விடியப் பாடுகிற ஊர்கள் இவை. இன்றைக்கும் திருப்பூர், ஈரோடு பக்கம் வள்ளிக்கும்மி நடக்கிற மைதானத்தைப் பாருங்கள். வாத்தியார் ஒரு வரி பாடுகிறார், வளையத்தில் நிற்கிற நூற்றுக்கணக்கான பேர் கைதட்டி, அடியெடுத்து வைத்து, அந்த வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள். கணக்குப் பிள்ளையும் இருக்கிறார், கல்லூரிப் பெண்ணும் இருக்கிறாள், பாட்டியும் இருக்கிறார். பழகியதனால் பாடுகிறார்கள். கும்மிக்கு நம் ஜனங்கள் சாயங்கால வேளையில் வந்து மாதக்கணக்கில் பழகுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு நாம் அவர்களைப் பழக்குவதில்லை.

கல்லூரியில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற சின்ன ஊர். அங்கே நார்வேயிலிருந்து குடியேறிய லுத்தரன் குருமாரும் விவசாயிகளும் 1874-இல் தொடங்கிய பள்ளி பிறகு செயின்ட் ஓலாஃப் கல்லூரி ஆனது. 1912-இல் மெலியஸ் கிறிஸ்டியான்சன் என்பவர் அங்கே ஒரு பாடகர் குழுவை அமைத்தார். வாத்தியம் இல்லாமல், காகிதம் இல்லாமல், மனப்பாடமாகப் பாடுவார்கள். பாடும்போது பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். வேதியியல் படிக்கிற பையனும் அதில் இருப்பான், கணக்குப் படிக்கிற பெண்ணும் இருப்பாள். அங்கே இன்னும் பல குழுக்கள் இருக்கின்றன, கிறிஸ்துமஸ் விழாவில் எல்லாம் சேர்ந்து பாடும். அந்த விழாவும் 1912-இலேயே தொடங்கியதுதான். அவர்களிடம் பணம் இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் மனப்பாடம் செய்யவும் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுப் பாடவும் காசு வேண்டியதில்லை.

பாடகர் குழுத் தலைவர்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். முதலாவது சுருதி. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, அதைச் சபைக்காகத் தொடுங்கள். பாட்டின் உச்ச ஸ்வரம் டி (D), மிஞ்சினால் ஈ ஃபிளாட் (E♭), அதற்கு மேல் போனால் சாதாரணக் குரல்கள் நின்றுவிடும். இரண்டாவது, ஒவ்வொரு வாரமும் ஒரு சரணத்திலாவது வாத்தியத்தையும் மைக்கையும் நிறுத்துங்கள். முதல் சில வாரம் சத்தமே வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். பாடகர் குழுவினர் மேடையில் ஒன்றாக நிற்காமல், அந்த நேரத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே பிரிந்து நின்றால், பக்கத்தில் இருப்பவர் தானாகச் சேர்வார்.

கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு: விடுதியில் வாரத்தில் ஒரு மாலை அரை மணி நேரம் போதும். ஆடிஷன் வேண்டாம், வருகிறவர் எல்லாரும் உள்ளே. சுருதி சேராதவரை நன்றாகப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள். டோ, ரே, மி என்ற எழுத்து முறையான சோல்ஃபா படிக்கத் தெரிந்த பெரியவர்கள் சபையில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டு டெனர், ஆல்ட்டோ கற்றுக்கொள்ளுங்கள், இப்போதே கூப்பிடுங்கள். ஒரு பாமாலை, ஒரு கீர்த்தனை, ஒரு நாட்டுப்புறப் பாட்டு என்று மாற்றி மாற்றி எடுங்கள். கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் பாட விரும்பி வந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் ஊர்க் கும்மிப் பாட்டை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போகும்போது உங்கள் சபையில் மைக் கேட்காமல், பின் பெஞ்சில் அந்த ஆத்தாமார்களோடு உட்கார்ந்து, வாய்விட்டுப் பாடுங்கள். நன்றி, வணக்கம்.