சந்தேகங்களுக்கு விளக்கம்: 3,000 டாலருக்குச் செதுக்கின ஆர்ச்டாப் கிடைக்குமா?

வணக்கம். டொராண்டோவிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "கையில 3,000 அமெரிக்க டாலர் இருக்கு. கையால செதுக்கின ஆர்ச்டாப் கிட்டார் ஒண்ணு வாங்கணும். எந்தப் பெயரை நம்பி வாங்கலாம்?" ஆர்ச்டாப்னா மேல்பலகை வயலின் மாதிரி மேடா வளைஞ்ச கிட்டார். ரெண்டு நாளா குடைஞ்சிட்டிருக்கு இந்தக் கேள்வி. பெயரைத் தேடிப் போனாலே பாதிப் பணம் அந்தப் பெயருக்குத்தான் போகும்.

நியூயார்க்ல ஜான் டி'ஏஞ்சலிகோ 1932-ல கடை போட்டு, 1964-ல இறக்குற வரைக்கும் செஞ்சது, எண் போட்ட கணக்குப்படி, 1,164 கிட்டார். அதுல ஒண்ணு உங்க தொகைக்கு வராது. விடுங்க.

வழக்கமா பார்க்கிறவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன்னு தெரியும்: நகைக்குக் குரல் கிடையாது, அதாவது அலங்காரம் ஒலியைக் கூட்டாது. கிப்ஸன் கம்பெனியோட எல்-5 கிட்டார் 1922-ல, அங்க வடிவமைப்பாளரா இருந்த லாயிட் லோர் காலத்துல வந்தது. எஃப் வடிவத் துளை போட்ட ஆர்ச்டாப்புக்கு அதுதான் வழிகாட்டி. பத்து வருஷம் கழிச்சு எல்-7 வந்துச்சு. எல்-5 17 அங்குலத்துக்குப் பெருசானப்போ எல்-7-ம் கூடவே பெருசாச்சு. அதே கலமஸூ தொழிற்சாலை, அதே மாதிரி செதுக்கின ஸ்ப்ரூஸ் மேல்பலகை. குறைஞ்சது என்ன? ஓரத்துல பைண்டிங் (விளிம்புப் பட்டை) அடுக்கு குறைவு, விரல் அழுத்துற ஃபிங்கர்போர்டுல எபனி மரத்துக்குப் பதிலா ரோஸ்வுட், தங்கமுலாம் இல்லை. பழைய சந்தையில விலை எங்கயோ கீழ. பழைய எபிஃபோன்லயும் இதே கதைதான். டீலக்ஸ் மாடலை விட்டுட்டு டிரையம்ஃப் மாடலைப் பாருங்க. கட்அவே, அதாவது கை மேல எட்டுறதுக்காக உடம்புல வெட்டின வளைவு, இல்லாததைப் பாருங்க, விலை இன்னும் இறங்கும். பதினாலாவது ஃப்ரெட்டுக்கு மேல போகாத கைக்குக் கட்அவே எதுக்கு?

மரமும் ஒரு வகையில நகைதான். ஆர்ச்டாப் செய்யுற அமெரிக்கர் பாப் பெனடெட்டோ கட்டட வேலைக்கு வாங்குற முடிச்சு விழுந்த பைன் பலகையில ஒரு ஆர்ச்டாப் செஞ்சு காட்டினார். அது நல்லாவே ஒலிச்சது. செதுக்குற கை சரியா இருந்தா வரிப்புலி மேப்பிள் எல்லாம் கண்ணுக்குத்தான்.

சரி, செதுக்கினதுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பல் டாக்டர் வச்சிருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு குட்டி எல்இடி விளக்கு, ரெண்டும் போதும். முதல்ல எஃப் துளையோட விளிம்பைப் பாருங்க. மேல ஓடுற மரவரி விளிம்பு வழியா அப்படியே கீழ இறங்கினா முழு மரம். சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிஞ்சா பிளை, அதாவது ஒட்டுப்பலகை. பிளைன்னா மட்டம்னு சொல்லலை. 1949-ல வந்த கிப்ஸன் இஎஸ்-175 பிளைதான். ஆம்ப்ல போட்டு வாசிக்க அருமை, ஊளையும் (ஃபீட்பேக்) குறைவு. ஆனா நீங்க கேட்டது அது இல்லையே. அடுத்த சிக்கல், முழு மரத்தையே சூட்டுல அழுத்தி வளைச்சதும் உண்டு. பழைய ஹார்மனி கம்பெனி கிட்டார்ல நிறைய. அதுல தடிமன் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கும். செதுக்கினதுல நடுவுல சுமார் 6 மில்லிமீட்டர், ஓரத்துப் பள்ளத்துக்கிட்ட 3-க்குப் பக்கத்துல. விளிம்பை விரல்ல பிடிச்சுப் பார்த்தாலே அந்த ஏற்ற இறக்கம் தெரியும்.

புதுசுதான் வேணும்னா, பெய்ஜிங்ல வயலின் செஞ்சுட்டிருந்த ஈஸ்ட்மன் அதே பட்டறைப் பழக்கத்துல ஆர்ச்டாப்பும் செதுக்குறாங்க. விலைக்கு நியாயமான சரக்கு.

யாரும் அதிகம் தேடாத இடம் ஜெர்மனி. போர் முடிஞ்சு, இன்னைக்குச் செக் நாட்டுல இருக்கிற ஷோன்பாக்லேர்ந்து துரத்தப்பட்ட வாத்தியக் கைவினைஞர்கள் பவேரியாவுல பூபன்ராய்ட்னு ஒரு கிராமத்துல குடியேறினாங்க. 1950-கள்ல அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த ஆர்ச்டாப்கள்ல பிளையும் உண்டு, பிரமாதமா செதுக்கினதும் உண்டு. பல கிட்டார்ல பெயரே இருக்காது, அதனாலதான் மலிவு. வென்ஸல் ரோஸ்மைஸல்னு ஒருத்தர், அவர் பூபன்ராய்ட் ஆள் இல்லை, தன் கிட்டாருக்குத் தன் பையன் பெயரையே வச்சார்: ரோஜர். அந்தப் பையன் பின்னாடி அமெரிக்கா போய் ரிக்கன்பேக்கர், ஃபெண்டர்ங்கிற கிட்டார் கம்பெனிகள்ல வேலை பார்த்தார். எங்கயோ போயிட்டேன். ஜெர்மன் கிட்டார்ல பயம் நெக்குலதான், அதாவது கழுத்துல. பலதுல டிரஸ் ராட் (நெக்குக்குள்ள ஓடுற, திருகக்கூடிய கம்பி) இருக்காது. வளைஞ்சிருந்தா திருகித் திருத்த வழி இல்லை.

எந்த ஊர்க் கிட்டாரா இருந்தாலும் பிரிட்ஜோட, அதாவது மேல்பலகையில கம்பியைத் தாங்குற கட்டையோட, ரெண்டு திருகுச் சக்கரத்தைப் பாருங்க. அடிமட்டம் வரைக்கும் இறக்கியும் 12-வது ஃப்ரெட்ல கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல நின்னா, நெக்கைக் கழட்டிக் கோணம் மாத்தி ஒட்டணும். பல நூறு டாலர் செலவு. அதைப் பேரத்துலயே கழிச்சிடுங்க. மேல்பலகையை விரல் முட்டியால தட்டுங்க. 'டக்'னு கேட்காம 'கிர்ர்'னு வந்தா உள்ள டோன்பார் (மேல்பலகைக்கு அடியில ஒட்டின நீளக் கட்டை) ஒட்டு விட்டிருக்கு. பெட்டியைத் திறந்ததும் புளிச்ச காரநெடி அடிச்சா பிக்கார்டோட (மேல்பலகையைக் கீறல்லேர்ந்து காக்குற தகடு) செல்லுலாய்டு அழுகுது. அந்த ஆவி பக்கத்துல இருக்கிற உலோகத்தைப் பச்சையாக்கும். உடனே கழட்டித் தனியா வைங்க.

பிக்கப்புக்காக (கம்பி ஒலியை ஆம்புக்கு அனுப்புற கருவி) மேல்பலகையில ஓட்டை வெட்டினது, மறுபடி வார்னிஷ் அடிச்சது, இதெல்லாம் சேகரிக்கிறவங்க தொடமாட்டாங்க. விலை பாதிக்குப் பக்கத்துல இறங்கும். வாசிக்கிறவருக்கு மறுவார்னிஷ் கிட்டார் யோகம்தான். ஓட்டை வெட்டினது மட்டும் யோசிச்சு வாங்குங்க. டோன்பாரையும் சேர்த்து வெட்டியிருக்கலாம். கண்ணாடி விட்டுப் பாருங்க.

நீங்க கேட்கலை, இருந்தாலும் சொல்றேன், கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்: வாங்கினப்புறம் என்ன செய்யணும்? "சத்தம் செத்துப்போச்சு"னு மலிவா விக்கிற ஆர்ச்டாப் பலதுலயும் கோளாறு பிரிட்ஜ் பாதத்துல இருக்கும். பாதம் மேல்பலகையோட வளைவுல முழுசா உட்காரலை. ஒரு பில் காகிதத்தைப் பாதத்துக்கு அடியில தள்ளுங்க. எங்கயாவது நுழைஞ்சா அங்க இடைவெளி.

இந்த பிரிட்ஜ் ஒட்டினது இல்லை, கம்பி அழுத்தத்துல நிக்குது. அதனால முதல்ல அது நிக்கிற இடத்தைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, அப்புறம் கம்பியைத் தளர்த்துங்க. அந்த இடத்துல 120 நம்பர் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேல பார்க்கிற மாதிரி ஒட்டி, பிரிட்ஜை நிமிர்த்திப் பிடிச்சு, கம்பி ஓடுற திசையில ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் இழைங்க. ஆட்டினா பாதம் உருண்டையாயிடும், எல்லாம் வீண். நடுநடுவே கார்பன் தாள் வச்சு அழுத்திப் பாருங்க. பாதம் முழுக்கக் கறை பட்டதும் 220-க்கு மாறி முடிங்க. அப்புறம் கம்பியை ஏத்தி, 12-வது ஃப்ரெட் ஹார்மானிக்கும் (கம்பியை அழுத்தாம லேசா தொட்டு மீட்டுற சுரம்) அதே ஃப்ரெட்ல அழுத்தின சுரமும் ஒண்ணாகுற வரைக்கும் பிரிட்ஜை நகர்த்துங்க. அழுத்தின சுரம் ஏறி நின்னா பின்னாடி (நெக்கை விட்டு விலகி), இறங்கி நின்னா முன்னாடி (நெக் பக்கம்). பழைய கம்பியில இதைச் செய்யாதீங்க, சுரம் பொய் சொல்லும்.