செபாங் 2013: ரோஸ்பெர்க்கை விட்டிருக்கலாம்

வணக்கம் நண்பர்களே! ஃபார்முலா ஒன்னில் டீம் ஆர்டர், அதாவது தன் இரண்டு ஓட்டுநரில் யார் முன்னால் வர வேண்டும் என்று அணியே போடும் உத்தரவு, என்று பேச்செடுத்தாலே எல்லாரும் "மல்டி 21" பக்கம் போய்விடுவார்கள். 2013 மார்ச் 24, மலேசியாவில் செபாங். ரெட் புல் அணியில் 2-ஆம் எண் கார் வெப்பருடையது, 1-ஆம் எண் வெட்டலுடையது. 2 முன்னால், 1 பின்னால், அப்படியே வந்து சேருங்கள் என்பதுதான் அந்த உத்தரவு. வெட்டல் அதை மீறி வெப்பரை முந்தி ஜெயித்தார். சரி, அது எல்லாரும் பேசித் தீர்த்த சங்கதி.

எனக்கு இன்றுவரை மனசு ஆறாதது அவர்களுக்குப் பின்னால் நடந்ததுதான். மூன்றாவதாக லூயிஸ் ஹாமில்டன், அவர் முதுகிலேயே நிகோ ரோஸ்பெர்க். இரண்டுமே மெர்சிடிஸ். ஹாமில்டன் காரில் பெட்ரோல் போதவில்லை.

ஏன் போதவில்லை? 2010-லிருந்து பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்பக் கூடாது. 56 சுற்றுக்கும் வேண்டியதைக் கிளம்பும்போதே சுமக்க வேண்டும். அந்தக் கால வி8 இன்ஜினுக்குச் சுமார் 150 கிலோ. பத்து கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி போய்விடும். அதனால் அணிகள் வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து ஊற்றி, மிச்சத்தை ஓட்டுநர் சேமித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். டேங்கைத் துடைத்து ஓட்டவும் முடியாது. பந்தயம் முடிந்ததும் சோதனைக்கு ஒரு லிட்டர் கொடுத்தாக வேண்டும்.

சேமிப்பது எப்படி? செபாங்கில் கடைசி வளைவுக்கு முன்னாலும் பின்னாலும் நீளமான இரண்டு நேர்ப்பாதைகள். வழக்கமாகப் பிரேக் மிதிக்கும் இடம் வரும் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, காரைச் சும்மா உருளவிட்டு, அப்புறம் பிரேக். முழு வேகத்தில் எரியும் இடத்தில்தான் மிச்சம் பிடிக்க முடியும். ஆனால் பின்னால் வருபவனுக்கு அது கதவைத் திறந்து வைத்த மாதிரி.

அந்தக் கதவுக்குள் ரோஸ்பெர்க்கை விடவில்லை. என்னால் இன்னும் வேகமாகப் போக முடியும் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பக் கேட்கிறார். மெர்சிடிஸ் அணியின் அன்றைய தலைவர் ராஸ் பிரான் முடியாது என்று சொல்லிவிட்டார். இடத்தை மாற்றாதே, அப்படியே வா.

பிரான் பயந்ததில் நியாயம் இருக்கிறது. இருவரும் மல்லுக்கட்டினால் பெட்ரோல் இன்னும் எரியும், மோதிக்கொண்டால் இரண்டு காரும் போய்விடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்றாம் இடத்துக்கு 15 புள்ளி, நான்காவதுக்கு 12. யார் முன்னால் வந்தாலும் அணிக்கு அதே 27-தான். 2011-லேயே டீம் ஆர்டர் தடையை எடுத்துவிட்டார்கள், விதியும் குறுக்கே நிற்கவில்லை. "லூயிஸ், நீ சேமிக்க வேண்டும், நிகோவுக்கு வழி விடு" என்று ஒரு வார்த்தை போதும். சண்டையே வந்திருக்காது. பெட்ரோலைப் பார்த்து ஓட்டுவதும் ஓட்டுநரின் திறமைதானே? கையில் வேகம் மிச்சம் வைத்திருந்தவரைக் கட்டிப்போட்டது அநியாயம் என்றே சொல்வேன்.

ஹாமில்டனே அதை ஒப்புக்கொண்டார். இங்கே நிகோதான் நின்றிருக்க வேண்டும் என்று முதல் மூவர் ஏறும் போடியம் மேடையிலேயே சொன்னார். அந்த மனசுக்கு அவரை எனக்குப் பிடிக்கும். ரோஸ்பெர்க்கோ கொடி விழுந்ததும், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அணியிடம் ரேடியோவில் சொன்னார்.

நீங்கள் பிரான் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கமென்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.